மெட்டல் கேட்க எந்த ஹெட்ஃபோன், எவ்வளவு ஆம்ப்?

நிமிடத்துக்கு 200 துடிப்பு வேகத்தில் ஓடும் ஒரு டெத் மெட்டல் பாட்டு. டிரம்மர் இரண்டு கால்களாலும் கிக் டிரம்மை விடாமல் மிதிக்கிறார். ஒரு துடிப்புக்கு 4 அடி. கணக்குப் போட்டால் வினாடிக்கு 13 அடிக்கும் சற்று மேல். 75 மில்லிவினாடிக்கு ஓர் அடி. அப்போது என்னிடம் இருந்தது "எக்ஸ்ட்ரா பேஸ்" என்று சொல்லி விற்கப்பட்ட ஒரு மூடிய ஹெட்ஃபோன். அதில் அந்த அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தூரத்தில் லாரி எஞ்சின் ஓடுவதுபோல ஒரே உறுமலாகக் கேட்டன. நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய இன்னொரு ஹெட்ஃபோனை மாட்டி அதே இருபது வினாடிகளை ஓட்டினேன். ஒவ்வோர் அடியும் தனித்தனியாக விழுந்தது. ஒரு கால் மற்றதைவிட லேசாக அழுத்தி மிதிப்பதுகூடத் தெரிந்தது.

அதற்கு முன்பே நான் ஓர் ஆம்ப், அதாவது ஒலிச் சமிக்ஞையைப் பெருக்கும் பெட்டி, வாங்கியிருந்தேன். பழைய ஹெட்ஃபோனுக்குச் சக்தி போதவில்லை, அதனால்தான் அடிகள் குழைகின்றன என்று நம்பினேன். ஆம்ப் வந்த பிறகு சத்தம் கூடியது. உறுமல் உறுமலாகவே இருந்தது. மெட்டல் கேட்பவர்களில் பலர் இதே வரிசையில்தான் போகிறார்கள்: முதலில் பேஸ் (கீழ்ச்சுர ஒலி) அதிகமுள்ள ஹெட்ஃபோன், அது குழப்பினால் பெரிய ஆம்ப், அதுவும் போதாவிட்டால் இன்னும் பெரிய ஆம்ப். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை இது. என் ஹெட்ஃபோனில் இருந்த கோளாறு 120-க்கும் 300 ஹெர்ட்ஸுக்கும் இடையே இருந்த ஒரு வீக்கம். அந்த ஒரு பட்டை மெட்டலுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பது புரிந்துவிட்டால், ஹெட்ஃபோன் தேர்வில் பாதி முடிந்தது. ஆம்ப் பற்றிய பயத்திலும் பாதி போய்விடும்.

ஒலிச்சுவருக்குள் என்ன இருக்கிறது

1965-இல் பர்மிங்காமில் ஒரு தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்த 17 வயதுப் பையன் டோனி அயோமி, வலது கையில் இரண்டு விரல்களின் நுனியை எந்திரத்துக்குப் பறிகொடுத்தார். அவர் இடக்கைக்காரர், கம்பியை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான். விரல் நுனியில் தொப்பி மாட்டிக்கொண்டு, மெல்லிய கம்பிகளைப் போட்டு வாசித்தார். அவருடைய குழுவான பிளாக் சபாத்தின் மூன்றாவது ஆல்பம் 1971-இல் வந்தபோது, பல பாடல்களில் கம்பியின் இழுவிசையைத் தளர்த்தி, கிட்டாரை மூன்று அரைச்சுரம் கீழே இறக்கியிருந்தார். 82 ஹெர்ட்ஸில் இருந்த அடிக்கம்பி 69 ஹெர்ட்ஸுக்கு வந்தது. அன்று தொடங்கிய இறக்கம் நிற்கவே இல்லை. 7 கம்பிக் கிட்டாரின் அடிச்சுரம் 62 ஹெர்ட்ஸ். 8 கம்பிக் கிட்டாரில் அது 46. மெஷுகா குழுவினர் அதையும் அரைச்சுரம் இறக்கி 44 ஹெர்ட்ஸ் அருகே வைத்து வாசிக்கிறார்கள். பேஸ் கிட்டாரின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ் என்பதை நினைத்துப் பாருங்கள். கிட்டார் நேராக பேஸின் வீட்டுக்குள் குடியேறிவிட்டது.

இதோடு டிஸ்டார்ஷன், அதாவது ஒலியை வேண்டுமென்றே சிதைத்துக் கரகரப்பாக்குவது, சேர்கிறது. மெட்டலின் அடிப்படைச் செங்கல் பவர் கார்டு: ஒரு சுரமும் அதன் ஐந்தாவது சுரமும், அதிர்வெண்ணில் 2-க்கு 3 என்ற விகிதம். 82 ஹெர்ட்ஸும் 124 ஹெர்ட்ஸும் சேர்ந்து டிஸ்டார்ஷனுக்குள் போனால், வாசித்தவற்றோடு அவற்றின் வித்தியாசமும் புதிதாக ஒலிக்கும். 124-இல் 82 போனால் 41 சொச்சம். இரண்டு சுரம் வாசித்த கையிலிருந்து, ஓர் ஆக்டேவ் கீழே யாரும் வாசிக்காத மூன்றாவது சுரம் எழுகிறது. பவர் கார்டு அவ்வளவு கனமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். அதுவும் போய் உட்காருவது பேஸ் கிட்டாரின் இடத்தில்தான்.

மேல்பக்கம் ஒரு வரம்பு உண்டு. கிட்டார் ஆம்பின் 12 அங்குல ஸ்பீக்கர் ஏறக்குறைய 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று மங்கிவிடும். அது இல்லாவிட்டால் டிஸ்டார்ஷன் காதைக் கிழிக்கும் கொசு ரீங்காரமாக இருக்கும். ஆகவே மெட்டல் கிட்டாரின் உலகம் பெரும்பாலும் 80 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. அதற்குள் அது கிட்டத்தட்ட இடைவெளியே விடாமல் நிறைந்திருக்கும். ஒரே ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியை) இடதுபக்கத்துக்கு ஒருமுறை, வலதுபக்கத்துக்கு ஒருமுறை தனித்தனியாக வாசித்துப் பதிவுசெய்வார்கள். சில குழுக்கள் பக்கத்துக்கு இரண்டாக நான்குமுறை. க்ரோல் குரலும் அடிப்படையில் இரைச்சல் கலந்த ஒலிதான். போலிக் குரல்நாண்களை அதிரவிட்டு எழுப்பும் அந்த உறுமலின் கூர்மை 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் கிட்டாரோடு மோதுகிறது. கிக் டிரம்மோ இரண்டு வீடு வைத்திருக்கிறது. அதன் கனம் 50–80 ஹெர்ட்ஸில். மிதிக்கட்டை தோலில் படும் 'டக்' என்ற நுனி 3–6 கிலோஹெர்ட்ஸில்.

இப்போது 120–300 ஹெர்ட்ஸுக்கு வருவோம். வலது உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பியில் வைத்து அமுக்கி வாசிக்கும் 'ஜக் ஜக்' ஒலி, அதாவது பாம் மியூட், தன் உடலை இந்தப் பகுதியில்தான் வைத்திருக்கிறது. கிட்டார் கேபினெட்டின் பலகை அதிர்வும் இங்கேயே. பேஸ் கிட்டாரின் முதல் சில ஹார்மோனிக்ஸும் (அடிச்சுரத்தின் மடங்குகளில் எழும் துணைச்சுரங்களும்) இங்கேயே. மிக்ஸ் செய்பவர்கள் இந்தப் பட்டையில் மட்டும், எகிறும் சத்தத்தை அமுக்கும் கம்ப்ரஸர் போட்டு, ஒவ்வொரு 'ஜக்'கும் வீங்காமல் பிடித்துவைக்கப் படாத பாடு படுகிறார்கள். அவர்கள் மயிரிழையில் சமன்செய்து அனுப்பியதை, அதே இடத்தில் 5 டெசிபெல் தூக்கிக் கொடுக்கும் ஹெட்ஃபோன் ஒரே நொடியில் கவிழ்த்துவிடுகிறது.

காதின் இயல்பு ஒன்று இதை மேலும் மோசமாக்குகிறது. கீழ்ச்சுரத்து ஒலி தனக்கு மேலே இருப்பதை மறைக்கும். மேல்சுரம் கீழிருப்பதை அந்த அளவுக்கு மறைப்பதில்லை. சத்தம் கூடக்கூட இந்த மறைப்பு மேல்நோக்கி இன்னும் பரவும். 200 ஹெர்ட்ஸில் ஒரு வீக்கம் இருந்தால், அது 200 ஹெர்ட்ஸை மட்டும் கெடுப்பதோடு நிற்காது. கிட்டாரின் கம்பி உரசலையும் பேஸின் விரல் ஓசையையும் விழுங்கும். வால்யூமைக் கூட்டினால் தெளியும் என்று நினைத்துக் கூட்டுவோம், இன்னும் கலங்கும்.

"வேகமான" ஹெட்ஃபோன்

மெட்டலுக்கு வேகமான ஹெட்ஃபோன் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். டயாஃப்ரம் (அதிர்ந்து ஒலியெழுப்பும் சவ்வு) கனமாக இருந்தால் சட்டென்று நிற்காது, ஓர் அடியின் வால் அடுத்த அடியின் மேல் விழும், அதனால்தான் இரட்டைக்கால் கிக் குழைகிறது என்று விளக்கமும் தருவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

60 ஹெர்ட்ஸ் அலை ஒருமுறை ஆடி முடிக்க ஏறக்குறைய 17 மில்லிவினாடி ஆகும். 75 மில்லிவினாடிக்குள் நான்கு முழு அலை கொள்ளும். எந்த நல்ல ஹெட்ஃபோனுக்கும் இது சவாலான வேகமே இல்லை. 10 கிலோஹெர்ட்ஸ் சிம்பலை ஒலிக்கும் அதே டயாஃப்ரம் வினாடிக்கு இருபதாயிரம் முறை திசை மாறிக்கொண்டிருக்கிறது. ஹெட்ஃபோன் பெரும்பாலும் எப்படி நடந்துகொள்கிறது என்றால், அதன் அதிர்வெண் வரைபடமே அதன் கால நடத்தையையும் தீர்மானித்துவிடும். வரைபடத்தில் ஒரு கூரிய மேடு இருந்தால், அந்த அதிர்வெண்ணில் ஒலி கொஞ்சம் இழுத்துக்கொண்டு அடங்கும். மேட்டை ஈக்வலைசரால் (வேண்டிய அதிர்வெண்ணை மட்டும் கூட்டிக் குறைக்கும் கருவியால்) சமப்படுத்தினால் இழுவையும் போய்விடும். இரண்டும் ஒரே விஷயத்தின் இரண்டு முகங்கள்.

அப்படியானால் "வேகம்" என்று நாம் உணர்வது எதை? என் அனுபவத்தில் இரண்டு விஷயங்களை. மேல் பேஸில் வீக்கம் இல்லாமை ஒன்று. 3–6 கிலோஹெர்ட்ஸில் அந்த 'டக்' நுனி மறையாமல் கேட்பது மற்றொன்று. இரண்டும் சேர்ந்தால் 13 அடியும் எண்ணலாம் போலிருக்கும். இதை அறிந்துகொண்டால் "வேகம்" என்ற சொல்லுக்குக் கூடுதல் பணம் கொடுக்கும் தேவை குறைகிறது.

எந்த ஒலிச்சாயல்

ஹர்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் 2012 வாக்கில் தொடங்கி வெளியிட்ட ஆய்வுகள் இந்தத் துறையில் பெரிய திருப்பம். கண்ணுக்கு மறைத்து வெவ்வேறு ஒலிச்சாயல்களை, அதாவது எந்த அதிர்வெண் தூக்கலாக, எது தாழ்வாக ஒலிக்கும் என்ற அமைப்புகளை, கேட்கவைத்து, பெரும்பாலானோர் எதை விரும்புகிறார்கள் என்று பார்த்தார்கள். நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் ஒலிப்பது போன்ற சாயலே வென்றது. அந்தச் சாயலைக் கோடாக வரைந்தால், அதில் மெட்டல்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் பேஸ் பகுதி. அங்கே பேஸ் தாராளமாகவே இருக்கிறது. ஆனால் அந்த ஏற்றம் 100 ஹெர்ட்ஸை ஒட்டித் தொடங்கி அதற்குக் கீழேதான் நிற்கிறது. 200 ஹெர்ட்ஸை எட்டும்போது கோடு தரைக்கு வந்துவிடும். கிக்கின் கனம் கிடைக்கும், கிட்டாரின் மேல் சேறு பூசாது. "பேஸ் அதிகம்" என்று விற்கப்படும் மலிவான மூடிய ஹெட்ஃபோன்களில் பலவற்றில் நடப்பது இதற்கு நேர்மாறு. ஏற்றம் 150-இல் உச்சம் தொட்டு 300 வரை வழிகிறது.

சந்தையில் நீண்டகாலமாக இருக்கும் சில ஹெட்ஃபோன்களை இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் விஷயம் பிடிபடும். 1997-இல் வந்த சென்ஹைசர் எச்டி 600-இன் நடுப்பகுதி அபாரமானது. கிட்டாரின் தோற்றம், குரலின் கரகரப்பு, ஸ்னேரின் மரம் எல்லாம் அளவோடு வரும். ஆனால் திறந்த வகை டைனமிக் (சவ்வில் ஒட்டிய கம்பிச்சுருளால் இயங்கும் வழக்கமான வகை) ஹெட்ஃபோன்களின் வழக்கப்படி அடி பேஸ் சரிந்துவிடும். கிக் கேட்கும், நெஞ்சில் இடிக்காது. கிராடோ எஸ்ஆர் 80 ராக் ரசிகர்களின் செல்லம். 2 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒரு எழுச்சி இருப்பதால் கிட்டார் முகத்துக்கு நேரே வந்து கடிக்கும். பழைய ஹெவி மெட்டலுக்கும் வேகமான த்ராஷ் மெட்டலுக்கும் அது கொண்டாட்டம். இறக்கி வாசிக்கும் நவீன மெட்டலுக்கு அடித்தளம் போதாது. பெயர்டைனமிக் டிடி 990 இருமுனையும் தூக்கி நடுவைத் தாழ்த்தும் வகை. 8 கிலோஹெர்ட்ஸ் வட்டாரத்தில் அதன் கூர்மை பிரசித்தம். ஆடிஸி எல்சிடி-2 பிளேனார் வகை, அதாவது காந்தங்களுக்கு அருகே ஒரு தட்டையான மெல்லிய சவ்வு முழுப்பரப்பாக அதிரும் வகை. அதன் பேஸ் அடிவரை தட்டையாக, உறுதியாகப் போகும். 2–5 கிலோஹெர்ட்ஸ் பின்வாங்கி இருப்பதால் கிட்டார் இரண்டடி தள்ளி நிற்கும். மணிக்கணக்கில் கேட்பவர்கள் அந்தத் தள்ளி நிற்றலை விரும்புவதும் உண்டு.

நடுவைத் தாழ்த்தும் சாயலைப் பற்றி எனக்கு ஓர் அழுத்தமான கருத்து உண்டு: மெட்டலுக்கு அது ஆகவே ஆகாது. பேஸும் சிம்பலும் பளிச்சென்று இருப்பதால் கடையில் ஐந்து நிமிடம் கேட்கும்போது மயக்கும். ஆனால் கிட்டாரின் உலகம் நடுப்பகுதி என்று பார்த்தோம். த்ராஷ் கிட்டாரிஸ்டுகள் பலர் ஆம்பிலேயே நடுப்பகுதியைக் குடைந்துவிடுகிறார்கள். குடைந்ததை ஹெட்ஃபோன் மறுபடியும் குடைந்தால், ரிஃப் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம்தான் மிஞ்சும்.

6 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரை இன்னொரு கண்ணி. மெட்டல் டிரம்மர் கிராஷ் சிம்பலை எப்போதோ ஒருமுறை தட்டுவதில்லை. பாட்டு முழுக்க அதன் மேலேயே சவாரி செய்கிறார். ஜாஸில் இதமாக மினுங்கும் ஒரு சின்ன மேடு, மெட்டலில் நாற்பது நிமிடம் ஓயாத ஊசிக்குத்தாகிவிடும். ஹெட்ஃபோனைச் சோதிக்கும்போது ஒரு முழு ஆல்பம் கேளுங்கள். இரண்டு பாட்டுக்குப் பிறகு கை தானாக வால்யூமைக் குறைக்கப் போனால், காரணம் அநேகமாக இந்த இடம்தான்.

மெட்டல் என்பது ஒரே ஒலியும் அல்ல. 1990-களின் தொடக்கத்து ஸ்வீடன் டெத் மெட்டல், பாஸ் எச்எம்-2 என்ற சின்ன பெடலின் குமிழ்களை முழுக்கத் திருப்பிப் பிறந்த ஒலி. 1 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய அதன் ரம்பச் சீற்றமே அதன் அடையாளம். அந்த இடத்தைத் தாழ்த்தும் ஹெட்ஃபோனில் அது யாரோ ஒருவருடைய டெத் மெட்டல் ஆகிவிடும். நார்வே பிளாக் மெட்டலில் டார்க்த்ரோன் 1994-இல் வெளியிட்ட ஆல்பம் வீட்டில் 4 டிராக் கருவியில் பதிவானது. அதில் அடி பேஸ் தேடுவது வீண். கூர்மையான ஹெட்ஃபோன் அந்த மெல்லிய, சீறும் ஒலியைத் தாங்கமுடியாததாக்கும். கொஞ்சம் மங்கலானதே அதற்குப் பொருந்தும். மெதுவாக, கனமாக நகரும் டூம், ஸ்லட்ஜ் வகைகளைக் கேட்பவர்களுக்குத்தான் 30–60 ஹெர்ட்ஸ் உண்மையிலேயே வேண்டும். அவர்களுக்கு பிளேனார் அல்லது நன்றாக அடைத்து உட்காரும் மூடிய வகை. இன்னொரு பக்கம், பதிவில் இல்லாததை எந்த ஹெட்ஃபோனும் தராது. மெட்டாலிகாவின் 1988 ஆல்பத்தில் பேஸ் கிட்டார் ஏறக்குறையக் கேட்காது. அது மிக்ஸில் எடுத்த முடிவு. அதைத் தேடி ஹெட்ஃபோன் மாற்றிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

மூடியதா திறந்ததா என்ற கேள்விக்கு, சுற்றியிருப்பவர்களுக்குக் கேட்கலாமா கூடாதா என்பதைப் பொறுத்தே பதில். ஒரே ஒரு எச்சரிக்கை: மூடிய வகையிலும் பிளேனாரிலும் பேஸ் முழுக்க முழுக்கக் காதுமெத்தையின் அடைப்பை நம்பி இருக்கிறது. கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடிக் காம்பை ஒருமுறை கழற்றிவிட்டுக் கேட்டுப் பாருங்கள். காதுமெத்தைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு குச்சி நுழையும் சந்து இருந்தாலே கிக்கின் கனம் பாதி வடிந்துவிடும். இன்-இயர் வகையில் ரப்பர் முனையின் அளவு இதே வேலையைச் செய்கிறது. பேஸ் இல்லை என்று வேறு இன்-இயர் தேடுமுன் ஓர் அளவு பெரிய முனையைப் போட்டுப் பாருங்கள்.

ஆம்ப் செய்வதும் செய்யாததும்

ஆம்பிடம் கேட்க வேண்டியவை மூன்று. போதுமான வோல்டேஜ், குறைந்த வெளியீட்டு இம்பீடன்ஸ் (ஆம்பின் வெளியீட்டில் இருக்கும் மின்தடை, ஓமில் அளப்பது), இரைச்சலின்மை. இவை கிடைத்துவிட்டால் இன்றைய நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்களுக்கிடையே காதால் பிரித்தறியும் வித்தியாசம் அரிது. 2011-இல் என்டபிள்யூஏவிகை என்ற புனைபெயரில் எழுதிய ஒரு பொறியாளர், ஓ2 என்ற ஆம்ப் வடிவமைப்பை யாரும் செய்துகொள்ளும்படி வெளியிட்டார். சாதாரணப் பாகங்களாலான சிறிய பெட்டி. வெளியீட்டு இம்பீடன்ஸ் 1 ஓமுக்கும் கீழே. அளவீட்டில் தன்னைவிடப் பல மடங்கு விலையுள்ள பெட்டிகளோடு சமமாக நின்றது. அடுத்த ஆண்டு அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார், யாரென்று கடைசிவரை வெளிப்படவில்லை. ஆனால் ஆம்ப் என்பது ஏற்கெனவே தீர்ந்துவிட்ட கணக்கு என்பதை அந்தப் பெட்டி நிறையப் பேருக்குக் காட்டிவிட்டது.

எவ்வளவு வோல்டேஜ் போதும்? இங்கேதான் மெட்டலின் ஒரு தனித்தன்மை கைகொடுக்கிறது. ஆர்கெஸ்ட்ராவில் சராசரி ஒலிக்கும் உச்சத்துக்கும் 20 டெசிபெல் இடைவெளி இருப்பது சகஜம். நவீன மெட்டல் பதிவில் அது 6 முதல் 10 டெசிபெல்தான். கம்ப்ரஸரும் லிமிட்டரும் உச்சங்களை எல்லாம் ஏற்கெனவே சீவிவிட்டன. மெட்டாலிகாவின் 2008 ஆல்பம் இதன் எல்லை. அதே பாடல்கள் ஒரு வீடியோ கேமுக்காகத் தரப்பட்ட வடிவில் இந்தச் சீவல் இல்லாமல் தெளிவாக இருந்ததைக் கண்டு, மறுபடி மிக்ஸ் செய்யச் சொல்லி ஆயிரக்கணக்கான ரசிகர்கள் கையெழுத்திட்டார்கள். இசைக்கு அது இழப்பு. ஆனால் ஆம்புக்கு அது சுமைக்குறைப்பு.

ஓர் உதாரணம் பார்ப்போம். சராசரி 85 டெசிபெல், அதுவே நல்ல சத்தம். உச்சத்துக்கு 10, ஈக்வலைசருக்கு 6, கையிருப்பாக 4 சேர்த்தால் 105. 1 மில்லிவாட்டுக்கு 100 டெசிபெல் தரும் 32 ஓம் ஹெட்ஃபோன் இதை எட்ட ஏறக்குறைய 3 மில்லிவாட் போதும்; வோல்டேஜில் 0.32. ஃபோனில் செருகும் சின்ன டாங்கிள் 1 வோல்ட் தருகிறது, தாராளம். 300 ஓம், 97 டெசிபெல் என்றால் 6 மில்லிவாட், 1.4 வோல்ட். இங்கே டாங்கிள் திணறும். ஒரு மேசை ஆம்ப் நியாயமே. ஆர்கெஸ்ட்ரா கேட்பவர் அதே ஹெட்ஃபோனுக்கு 115 டெசிபெல் உச்சம் கணக்கிட்டால் 4 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். ஹைஃபைமேன் எச்இ-6 போன்ற பசி மிகுந்த பிளேனார், 50 ஓம், வெறும் 83.5 டெசிபெல். அதற்கு மெட்டல் அளவுக்கே 140 மில்லிவாட். ஆக, வெறும் ஓம் எண்ணைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. சென்சிட்டிவிட்டியையும், அதாவது குறிப்பிட்ட மின்னளவுக்கு எத்தனை டெசிபெல் தரும் என்ற எண்ணையும், சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த எண் மில்லிவாட்டுக்கா வோல்ட்டுக்கா என்பதையும் கவனியுங்கள். 32 ஓமில் இரண்டுக்கும் 15 டெசிபெல் வித்தியாசம்.

வெளியீட்டு இம்பீடன்ஸ் இதைவிடச் சூழ்ச்சியானது. டைனமிக் ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸ் எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருப்பதில்லை. டயாஃப்ரம் இயல்பாக ஒத்ததிரும் இடத்தில், பெரும்பாலும் 60–150 ஹெர்ட்ஸுக்குள், அது மலைபோல் எழும். ஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ் பெரிதாக இருந்தால், அந்த மலை அப்படியே ஒலியில் ஒரு வீக்கமாகிவிடும். 1996-இன் ஐஇசி 61938 தர ஆவணம் 120 ஓம் வெளியீட்டைப் பரிந்துரைத்தது. அதைப் பின்பற்றிய பழைய கருவிகள் இன்னும் புழக்கத்தில் உண்டு. 32 ஓம் ஹெட்ஃபோன் தன் மலையுச்சியில் 100 ஓமைத் தொட்டால், 120 ஓம் வெளியீட்டில் அந்த இடம் மட்டும் 6.7 டெசிபெல் கூடிவிடும். 10 ஓமில் 1.5. 1 ஓமில் கண்டுகொள்ளத் தேவையில்லை. எந்தப் பட்டையைச் சுத்தமாக வைக்க இவ்வளவு பாடுபடுகிறோமோ, தப்பான ஆம்ப் அதன் வாசலிலேயே மண்ணைக் கொண்டுவந்து கொட்டும். ஹெட்ஃபோன் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஆம்பின் வெளியீடு போகக் கூடாது என்ற விதியின் காரணம் இதுதான். பிளேனாருக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் இம்பீடன்ஸ் ஏறக்குறைய நேர்கோடு.

வால்வு ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் வெற்றிடக் குழாயில் இயங்குவது) பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். மின்மாற்றி இல்லாத வால்வு ஆம்ப்களின் வெளியீடு பத்துக்கணக்கான ஓமிலிருந்து நூறு ஓமையும் தாண்டும். 300 ஓம் ஹெட்ஃபோனுடன் அது மேல் பேஸில் 1 டெசிபெல் அளவுக்கு இதமான சூடு தரும், அவ்வளவுதான். 32 ஓமில் மேலே சொன்ன விபத்து. வால்வு சேர்க்கும் ஹார்மோனிக்ஸ் தனிக்குரலுக்கு அழகாக இருக்கலாம். ஏற்கெனவே நிரம்பி வழியும் டிஸ்டார்ஷன் சுவரில் அதற்கு இடமில்லை என்பது என் எண்ணம். கிட்டாரிஸ்டின் வால்வு ஆம்ப் ஒலியை உருவாக்குகிறது. கேட்பவனின் ஆம்புக்கு அந்த வேலை கிடையாது.

வயர்லெஸ் ஹெட்ஃபோனுக்குள் ஆம்பும் ஈக்வலைசரும் அடைத்தே வருகின்றன. அதற்கு வெளியிலிருந்து ஆம்ப் சேர்ப்பதில் அர்த்தமில்லை. கூருணர்வு மிகுந்த இன்-இயருக்குச் சக்தி அல்ல, அமைதி வேண்டும். பாட்டு ஓடாதபோது 'ஸ்ஸ்' என்று கேட்டால் அந்த ஆம்ப் அதற்கு உகந்ததல்ல.

சீவுவதும் குறைப்பதும்

ஈக்வலைசரைத் தொடுவது பாவம் என்று நினைப்பவர்கள் இன்னும் உண்டு. மெட்டலுக்கு அதைவிடப் பயனுள்ள கருவி இல்லை என்பேன். அதிர்வெண், அகலம், அளவு மூன்றையும் நாமே அமைக்கும் பாராமெட்ரிக் வகையை எடுங்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு தாழ் ஷெல்ஃப், அதாவது அந்தப் பகுதி முழுவதையும் 3 அல்லது 4 டெசிபெல் தூக்குவது. 180 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு வெட்டு. பிறகு 5-லிருந்து 10 கிலோஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒற்றைச் சுர ஒலியைத் தாழ்ந்த சத்தத்தில் ஓட்டி, எந்த இடத்தில் அது திடீரென்று காதைத் துளைக்கிறது என்று குறித்து, அங்கே ஒரு குறுகிய வெட்டு. கூட்டியது எத்தனை டெசிபெலோ அத்தனை டெசிபெல் முன்னதாகவே மொத்த அளவைக் குறைத்துவிட வேண்டும். இல்லையேல் டிஜிட்டலிலேயே உச்சி நசுங்கும்.

ஈக்வலைசர் இல்லாதபோதும் இது பொருந்தும். உச்சவரம்பை முட்டும்படி மாஸ்டர் செய்த ஆல்பத்தை எம்பி3-ஆகவோ ஏஏசி-ஆகவோ சுருக்கும்போது, விரித்தெடுத்த அலை மூலத்தைவிடச் சற்று உயர்ந்து வரம்பைத் தாண்டும். பிளேயரின் டிஜிட்டல் வால்யூமை 3 டெசிபெல் குறைத்து, ஆம்பின் குமிழைக் கொஞ்சம் கூட்டுங்கள். சில ஆல்பங்களில் சிம்பலின் நொறுங்கல் இதிலேயே அடங்குகிறது.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே காட்டியபடி, ஒலி தாழத்தாழக் காதுக்கு பேஸ்தான் முதலில் மறைகிறது. கனத்தைத் தேடி நாம் வால்யூமை ஏற்றுவது அதனால்தான். 85 டெசிபெலில் 8 மணி நேரம் என்பது பணியிடங்களுக்கான பாதுகாப்பு அளவு. 3 டெசிபெல் ஏற ஏற அது பாதியாகும். 100 டெசிபெலில் 15 நிமிடம். உச்சங்கள் சீவப்பட்ட மெட்டலில் சராசரியே உச்சத்தை ஒட்டி ஓடுவதால், காதுக்கு ஓய்வு கிடைக்கும் இடைவெளிகள் கிடையாது. அந்தத் தாழ் ஷெல்ஃப் இங்கே உதவுகிறது. கிக்கின் கனம் 78 டெசிபெலிலேயே கிடைத்துவிட்டால் 90-க்குப் போக வேண்டிய தேவை எழுவதில்லை. பாட்டு முடிந்த பிறகு காதில் ரீங்காரம் இருந்தால், அன்றைக்குப் போதும்.

இரண்டு ஹெட்ஃபோனையோ இரண்டு ஆம்பையோ ஒப்பிடும்போது சத்தத்தைச் சமப்படுத்துங்கள். 1 டெசிபெல் கூடுதலாக ஒலிப்பது எப்போதும் "இன்னும் விரிவாக, இன்னும் தெளிவாக" என்றே தோன்றும். நான் முதலில் வாங்கிய ஆம்ப் ஏதோ மாற்றியதாக ஒரு வாரம் நம்பியதற்குக் காரணம் அதுதான்.

அந்தப் பழைய மூடிய ஹெட்ஃபோன் இன்னும் என்னிடம் இருக்கிறது. 180 ஹெர்ட்ஸில் 5 டெசிபெல் வெட்டி, 4 கிலோஹெர்ட்ஸில் 2 டெசிபெல் ஏற்றி, ஆம்பைக் கழற்றிவிட்டு ஃபோன் டாங்கிளில் செருகினேன். அதே பாட்டு, அதே இருபது வினாடிகள். லாரி எஞ்சின் நின்றுவிட்டது. இரவல் ஹெட்ஃபோனின் நேர்த்தி அதில் இல்லை, சிம்பல் கொஞ்சம் மொட்டையாகத்தான் கேட்டது. ஆனால் கால்கள் இரண்டும் தனித்தனியாக மிதித்தன.